நம்பிக்கை இழந்த தகப்பன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா?

குடமுருட்டிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பூண்டி மாதா கோவிலுக்கு நடந்தே போய்வருவோம். வயது 34. திருச்சியில் வேலை. மகளுக்கு ஐந்து மாதம் நிறைந்திருக்கிறது. அவளுக்கு எப்போது ஞானஸ்நானம் என்று என் தாயார் வாரத்துக்கு இரண்டு முறை தொலைபேசியில் கேட்கிறார். நானும் வாரத்துக்கு இரண்டு முறை ஏதோ ஒரு காரணம் சொல்லி வருகிறேன். குழந்தைக்குச் சளி, எனக்கு விடுப்பு இல்லை, ஞானப்பெற்றோர் அமையவில்லை என்று கையிலிருந்த காரணங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. உண்மையான காரணத்தை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

நான் பூசைக்குப் போவதை நிறுத்திப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. எந்தப் பங்குச்சாமியாரோடும் எனக்குச் சண்டை இல்லை. எனக்கு யாரும் தீங்கு செய்யவும் இல்லை. மேட்டூரை ஜனவரி 28இல் அடைத்தாலும் எங்கள் குடமுருட்டி ஆற்றில் மறுநாளே மணல் தெரிந்துவிடாது. பள்ளங்களில் மாசி வரைக்கும் தண்ணீர் கிடக்கும், மாடு குளிப்பாட்டலாம். என் விசுவாசமும் அப்படித்தான் வற்றியது. எந்த நாளில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆனாலும் முதன்முதலாக ஏதோ இடறிய ஒரு சனிக்கிழமை மாலை நினைவில் இருக்கிறது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு எங்களைத் தயாரித்த ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதற்கு எனக்குப் பாவம் எதுவும் அகப்படவில்லை. அண்ணனிடம் கேட்டேன். அவன் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'பொய் சொன்னது ஐந்து தரம், தாய் தகப்பனுக்குக் கீழ்ப்படியாதது மூன்று தரம், பூசையில் பராக்குப் பார்த்தது' என்று எழுதிக் கொடுத்தான். அதே பட்டியலை அவனும் மூன்று ஆண்டுகளாக அதே சாமியாரிடம் சொல்லி வந்திருக்கிறான் என்பது பின்னால்தான் தெரிந்தது. மண்டியிட்டு அதை அப்படியே ஒப்பித்தேன். மூன்று 'அருள் நிறைந்த மரியே' அபராதமாகக் கிடைத்தது. வெளியே வந்து அதைச் சொல்லி முடிப்பதற்குள், செய்யாத பாவத்தைச் செய்ததாகச் சொன்னதால் இப்போதுதான் மெய்யாகவே ஒரு பொய் சொல்லியிருக்கிறோம், அதுவும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வைத்து, என்ற பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் வெள்ளைச் சட்டையும் கையில் மெழுகுதிரியுமாக நற்கருணை வாங்கியபோது அந்தப் பயத்தைத் தவிர வேறொன்றும் மனத்தில் இல்லை.

மனைவி மன்னார்குடிப் பக்கம், இந்துக் குடும்பம். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்டோம். மூன்று ஞாயிறு கோவிலில் எனக்குத் திருமண அறிவிப்பு ஓலை வாசிக்கப்படவில்லை என்பதை அம்மா இன்னும் மறக்கவில்லை. குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவதில் மனைவிக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை. ஆட்சேபம் எனக்குத்தான். சடங்கின் நடுவில் பெற்றோரைப் பார்த்துச் சாமியார் கேள்வி கேட்பார். நான் 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லியாக வேண்டும். ஒன்பது வயதில் சொன்ன பொய்யை 34 வயதில் மறுபடியும் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாவிட்டால் அம்மாவுக்கு அது சாவுக்குச் சமம். இந்த இடத்தைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.


பழைய குருமாணவன் எழுதியது:

சாமியாராவதற்குப் படிக்கும் குருமடத்தில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்தவன் என்ற முறையில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 868ஆம் எண்படி, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். அந்தக் குழந்தை கத்தோலிக்க மறையில் வளர்க்கப்படும் என்பதற்கு ஆதாரமுள்ள நம்பிக்கை இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை அறவே இல்லையென்றால் சாமியார் சடங்கைத் தள்ளிவைக்க வேண்டும். ஆகவே நீங்கள் நேராகப் போய் உண்மையைச் சொன்னால், மறுக்க வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. நடைமுறையில் எந்தச் சாமியாரும் அவ்வளவு தூரம் துருவிக் கேட்பதில்லை. பாட்டி பக்திமானாக இருந்தால் போதும் என்று முடித்துவிடுவார்கள்.

உங்கள் திருமணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர் அனுமதியின்றிக் கோவிலுக்கு வெளியே செய்துகொண்ட திருமணத்தைத் திருச்சபை செல்லுபடியாகக் கொள்வதில்லை. அரசின் பதிவேட்டில் நீங்கள் குடும்பஸ்தர். பங்குக் கோவிலின் பதிவேட்டில் இன்னும் கலியாணமாகாத பையன்.

'அப்படியானால் பேரை வெட்டிவிடுங்கள்' என்று கேட்கவும் வழியில்லை. திருச்சபையிலிருந்து முறைப்படி விலகுவது என்றொரு செயலைப் பற்றித் திருமணச் சட்டப் பகுதியில் சில சொற்கள் இருந்தன. 2009 அக்டோபரில் 16ஆம் பெனடிக்ட் அவற்றை நீக்கிவிட்டார். ஞானஸ்நானம் ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கிறது என்பது போதனை. குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதச் சொல்லலாம்; பதிவு பதிவாகவே இருக்கும்.

அம்மாவின் பயத்தையும் புரிந்துகொள்ளுங்கள். அவர் தலைமுறைக்கு, தண்ணீர் படாமல் இறந்த குழந்தை மோட்சத்துக்கும் போகாது நரகத்துக்கும் போகாது, லிம்போவில் கிடக்கும் என்றே கற்பிக்கப்பட்டது. அந்தக் கருத்து ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. அப்படிப்பட்ட குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது என 2007இல் உரோமையின் இறையியல் ஆணைக்குழுவே எழுதிவிட்டது. ஆனால் அந்த அறிக்கை குடமுருட்டிக் கரை வரைக்கும் வந்து சேரவில்லை.

இன்னொரு செய்தி. ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பழைய காலத்தில் மருத்துவச்சிகளுக்கே ஞானஸ்நான வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார்கள். ஆபத்து இல்லாத வேளையிலும் அந்த வார்த்தைகளை அறிந்த பாட்டிமார் குழந்தையைக் குளிப்பாட்டும் போது என்ன செய்வார்கள் என்பதற்கு நான் பொறுப்பல்ல.


கறுப்புச்சட்டை எழுதியது:

நண்பருக்கு ஒரே கேள்வி. தண்ணீர் வெறும் தண்ணீர் என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரியும் என்றால் இத்தனை கலக்கம் எதற்கு? ஐந்து மாதப் பிள்ளைக்கு மதம் எதற்கு என்று தாயாரிடம் நேராகச் சொல்லுங்கள். பதினெட்டு வயதில் அவளே படித்து முடிவு செய்துகொள்ளட்டும். இல்லையென்றால் தலையில் ஊற்றிக்கொண்டு வாருங்கள், துடைத்துவிட்டால் காய்ந்துவிடும். இரண்டில் எதையும் செய்யாமல் தவிப்பதைப் பார்த்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.


குடமுருட்டிக்கரை எழுதியது:

ஐயா, தண்ணீரைப் பற்றி எனக்குக் கலக்கம் இல்லை. என் வாயைப் பற்றித்தான். நாத்திகனாகிவிட்டால் சத்தியத்துக்கு மதிப்பு கூடுகிறதா குறைகிறதா என்று நீங்களே சொல்லுங்கள். ஈரம் இருக்கிறதா என்றால் இருக்கலாம். உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின பாஸ்கு இரவில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு ஒற்றை மெழுகுதிரியோடு உள்ளே வரும்போது இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அதை விசுவாசம் என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.


உபதேசியார் மகள் எழுதியது:

நான் விசுவசிக்கிறவள். என் தகப்பனார் 31 ஆண்டுகள் உபதேசியாராக இருந்தார். சாமியார் வர முடியாத கிளைக்கிராமங்களில் செபம் சொல்லி, சாகக்கிடப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அடக்கமும் நடத்திவைத்தவர். நான் இங்கே வந்து 'கொடுத்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். கொடுக்காதீர்கள் தம்பி.

நீங்கள் நினைப்பதைப்போல அங்கே ஒரு சொல்லோடு முடிவதில்லை. குழந்தைக்கு என்ன பெயர் என்று வாசலிலேயே கேட்பார்கள். பிறகு, பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை உணர்ந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். குழந்தையின் நெற்றியில் நீங்கள் உங்கள் கட்டைவிரலால் சிலுவை அடையாளம் வரைய வேண்டும். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்ற கேள்வி வரும், விசுவாசக் கேள்விகள் வரும், கடைசியில் பாஸ்குத் திரியிலிருந்து ஏற்றிய விளக்கை உங்கள் கையில் கொடுத்து இதை அணையாமல் காப்பாற்றுங்கள் என்பார்கள். இத்தனைக்கும் நடுவில் நீங்கள் பொய்யாக நிற்பதைவிட, என் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமலே இருக்கட்டும் என்று உண்மையாகச் சொல்வது எவ்வளவோ மேல். பரிசுத்தமானது என்று நான் நினைக்கிற ஒன்றை மற்றவர்கள் மரியாதைக்காகச் செய்வதைப் பார்க்க எனக்குத்தான் வலிக்கிறது.

உங்கள் பாவசங்கீர்த்தனக் கதையைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. அந்த ஞானோபதேச வகுப்பை நடத்தியவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளைகளிடம் கேள்வி பதிலை மனப்பாடம் ஒப்பிக்கச் சொன்னோம். அவர்களும் பாவத்தை மனப்பாடம் செய்தார்கள். இறைமறுப்பு உண்டாவதில் விசுவாசிகளுக்கும் சிறிதல்லாத பங்கு இருக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965இல் ஒத்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் அதைப் பிரசங்கத்தில் கேட்டதில்லை.


கீழத்தெரு எழுதியது:

எல்லோரும் விசுவாசம் வற்றியதைப் பற்றிப் பேசுகிறீர்கள். திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அது வற்றவில்லை, வாய்க்காலே எங்கள் தெருவுக்குத் திரும்பவில்லை. திருவிழாவில் பெரிய சப்பரம் மேலத்தெருவைச் சுற்றிக்கொண்டு கோவிலுக்குத் திரும்பிவிடும். கல்லறை ஒன்றுதான், ஆனால் நடுவில் உயரமாக ஒரு வரப்பு உண்டு, அது ஏன் இருக்கிறது என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பன்னிரண்டு வயதில் கல்லறைத் திருநாளன்று என் பாட்டியின் குழிமேட்டில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, விளையாட்டாக அந்த வரப்பின்மேல் ஏறி நடந்தேன். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்த வேகம் இன்னும் தோள்பட்டையில் இருக்கிறது. அம்மாவுக்குக் கோபம் இல்லை, பயம். அந்தப் பயத்தைப் பார்த்த பிறகு 'நாம் அனைவரும் ஒரே திரு உடல்' என்று பாடுவது எனக்கு இயலவில்லை.

இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள்ளே தீண்டாமை இருப்பதை அதில் ஒப்புக்கொண்டது. நல்லது. வரப்பு அங்கேயேதான் இருக்கிறது.

நான் இங்கே எழுத வந்தது இதற்காக மட்டும் அல்ல. 'முறைப்படி வெளியேற வழியில்லை' என்று குருமாணவர் ஐயா எழுதியதை நீங்கள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அது வேடிக்கை இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சாமியாரும் கும்பிடும் இல்லை என்று நான் 22 வயதில் முடிவு செய்தேன். அதனால் என் சாதி என்னை விட்டுவிடவில்லை, சான்றிதழில் மட்டும் கிறித்தவம் அப்படியே நிற்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில், இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசியலமைப்பின்மீது செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பெண்ணுக்குக் குழந்தைப் பருவத்தில் கொடுத்த ஞானஸ்நானமும் அந்த வழக்கில் பேசப்பட்டது. தாய் மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது ஊற்றிய தண்ணீர் அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சாட்சி சொல்லும். கறுப்புச்சட்டை ஐயா துடைத்தால் காய்ந்துவிடும் என்கிறார். எல்லோருக்கும் காய்வதில்லை.


கறுப்புச்சட்டை எழுதியது:

சரி அம்மா. அந்த வரியை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.


கடலோரத்தான் எழுதியது:

எனக்கு நாள் தெரியும்: 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் கடற்கரைக்குப் போன யாத்திரிகர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோவிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்றும் அது மாதாவின் புதுமை, அதாவது அற்புதம் என்றும் அந்த வாரமே ஊரில் பேசினார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. சடலங்களை வரிசையாகக் கிடத்தியிருந்த இடத்திலிருந்து திரும்பிவந்திருந்தேன். கடல் வந்ததற்காக நான் கடவுள்மேல் கோபப்படவில்லை, நிலத்தட்டுகள் நகர்ந்தன என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். 'புதுமை' என்ற அந்தச் சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. இதற்குமேல் எழுத விரும்பவில்லை.


குடமுருட்டிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதற்கிடையில் ஒன்று நடந்தது. என் மாமியார், அவர் நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் பார்த்ததே இல்லை, குழந்தைக்கு வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாராம். மூன்று ஆண்டுகள் எங்களுக்குக் குழந்தை இல்லாதபோது செய்த நேர்த்தி. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருவிழாவுக்கும் இடையில் ஒரு நாள் போக வேண்டும், தொட்டில் கட்ட வேண்டும் என்கிறார். நான் அசந்துபோனேன். அவரிடம் யாரும் 'விசுவசிக்கிறீர்களா' என்று கேட்கப் போவதில்லை. காவி உடுத்தி நடந்துவரும் ஆயிரக்கணக்கானவர்களிடமும் கேட்பதில்லை. ஒரு மெழுகுதிரியும் தேங்காய்க் கன்றும் வாங்கிக்கொண்டு நேராக உள்ளே போவார், அழுவார், கும்பிடுவார், வந்துவிடுவார். மாதா அவருக்குச் சொந்தக்காரி. அந்த வாசலில் தயங்கி நிற்கப்போகிறவன் ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல் எல்லாம் முறையாகப் பெற்ற நான் ஒருவன்தான்.

மொட்டைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அதற்கு என் வாயிலிருந்து ஒரு சொல்லும் தேவையில்லை. அம்மாவிடம் இந்த ஞாயிறு நேரில் பேசப் போகிறேன்.


வெண்ணாறு எழுதியது:

பேசுவதற்கு முன் என் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். நானும் அண்ணனும் கோவிலை விட்டபோது, கோவிலுக்கு ஆண்டுதோறும் கட்டும் தலைக்கட்டு வரியையும் நிறுத்திவிட்டோம். நம்பாத இடத்துக்கு எதற்குக் காசு என்ற நேர்மைதான். ஏழாவது ஆண்டு ஐப்பசியில் அம்மா இறந்தார். கூடத்தில் உடல் கிடக்கிறது, மழை விட்டபாடில்லை. கணக்குப் பார்ப்பவர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய வரி நோட்டோடு வந்து, வாசல் கீற்றுப்பந்தலின் ஒழுகாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து, ஏழு ஆண்டுப் பாக்கியைக் கூட்டினார். கட்டிய பிறகுதான் துக்கமணி அடித்தது. தினமும் செபமாலை சொன்ன கிழவி அவர். அவர் எந்த ஆண்டும் பாக்கி வைத்ததில்லை, பாக்கி எங்களுடையது. சாமியாருக்கு இது தெரியாது, தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார் என்று பிறகு சொன்னார், நம்புகிறேன்.

நீங்கள் விலகுங்கள். ஆனால் வீட்டில் யார் பெயரில் எந்தக் கணக்கு ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு விலகுங்கள்.


பழைய குருமாணவன் எழுதியது:

வெண்ணாறு நண்பருக்கு: வரி பாக்கிக்காக அடக்கத்தை நிறுத்தலாம் என்று எந்தச் சட்டத் தொகுப்பிலும் இல்லை. 1184ஆம் எண், மறையை வெளிப்படையாக மறுதலித்து மனம் வருந்தாமல் இறந்தவர்கள் போன்றோருக்குத்தான் அடக்கச் சடங்கை மறுக்கிறது. அது எங்களைப் போன்றவர்களுக்கு. உங்கள் தாயாருக்கு அல்ல.


குடமுருட்டிக்கரை எழுதியது:

ஞாயிறு பேசினேன். அம்மா பூசை முடித்து வந்து திண்ணையில் முறத்தில் உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக இங்கே எழுதிப் பழகியதாலோ என்னவோ, சுற்றி வளைக்காமல் சொல்ல முடிந்தது. 'எனக்கு நம்பிக்கை இல்லம்மா, இல்லாம அங்க நின்னு பதில் சொல்ல முடியாது' என்றேன். அவர் கை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'நீ பூசைக்குப் போறதில்லன்னு எனக்குத் தெரியாதா? திருச்சியில இருந்து வர்றப்ப ஞாயித்துக்கிழமை சட்டையில மடிப்புக் கலையாம இருக்கும்' என்றார். பிறகு, 'நாளைக்கு நான் செத்தா அந்தப் புள்ள கோயில்ல எந்த வரிசையில நிக்கும்?' என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 'உன்கூட முன்வரிசையில நிக்கட்டும், யார் கேக்கப்போறா' என்று ஏதோ சொன்னேன்.

வெண்ணாறு அவர்கள் எழுதியது மனத்தில் இருந்ததால் வரியைப் பற்றியும் கேட்டேன். எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். பாதி எரிந்த என் புதுநன்மை மெழுகுதிரி அதில் இருந்தது, அதன் அடியில் ரப்பர் வளையம் போட்ட இரசீதுக் கட்டு. என் பெயரில், ஆண்டுக்கு ஒன்றாக, நான் கோவிலை விட்ட ஆண்டிலிருந்து ஒன்றுகூட விடாமல் பதினொன்று இருந்தன. நான் அனுப்பிய பணத்தில் கட்டினாரா என்று கேட்டதற்கு, இல்லை, ஆட்டுக்குட்டி விற்றது என்றார். 'புள்ளைக்கு ஊத்தலன்னா விடு. இதை நிறுத்தச் சொல்லாத.'

ஞானஸ்நானம் இல்லை என்று முடிவாகியிருக்கிறது. வேளாங்கண்ணிக்குச் செப்டம்பர் 3 போகிறோம். சம்பந்திகள் இருவரும் வேனில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். அங்கே குழந்தையை யார் குளிப்பாட்டுவது என்று மட்டும் நான் கேட்கவில்லை.


உபதேசியார் மகள் எழுதியது:

கேட்க வேண்டாம். அந்த இரசீதுகளில் உங்கள் பெயரும் தகப்பனார் பெயரும் ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்து வையுங்கள் தம்பி. எங்கள் அப்பா காலத்திலிருந்து தகராறு வருவது அந்த எழுத்தில்தான்.